மதகுச் சக்கரமும் என் மைத்துனன் கண்ணும்

பெரிய மனிதர்களைப் பற்றி எழுதுவதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். என் மைத்துனனைப் பற்றி எழுத நான்தான் இருக்கிறேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் இந்த ஊரில் இரும்புக் கதவு வைத்த வீடுகளில் பாதிக்கு மேல் என் பட்டறையில் அடித்த கதவுதான். இன்று வரை ஒன்றும் தொங்கவில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

மைத்துனன் என்றால் என் வீட்டுக்காரியின் தம்பி. எல்லைக் கால்வாயில் மதகு திறக்கிற வேலை. கால்வாயின் இந்தக் கரை நம்முடையது, அந்தக் கரை பக்கத்து நாட்டுடையது. இரண்டும் நட்பு நாடுகள். ஒப்பந்தம் போட்டு, தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு, சேர்ந்தே மதகும் கட்டிக்கொண்டவர்கள். இன்றைக்கும் கேட்டால் நட்பு நாடு என்றுதான் சொல்வார்கள்.

மதகில் ஒரே ஒரு பெரிய இரும்புக் கதவு. அதைத் தூக்கக் கரைக்கு ஒரு சக்கரம். இரண்டு பேரும் சீராகச் சுற்றினால்தான் கதவு நேராக ஏறும். ஒருவன் முந்தினால் கதவு சாய்ந்து சுவரில் இறுகிக்கொள்ளும். அப்புறம் கடப்பாரை போட்டு நெம்ப வேண்டியதுதான். தன் பக்கம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கச் சுவரில் கோடு கிழித்து எண் எழுதியிருக்கிறார்கள். கூத்து அதில்தான் இருக்கிறது. அந்த எண் மேடைக்கு நேர் அடியில் இருக்கிறது. சக்கரம் சுற்றுகிறவன் எவ்வளவு குனிந்தாலும் தன் காலடி எண் அவனுக்குத் தெரியாது. எதிர்க்கரைக்காரனுக்குத்தான் தெரியும். நம் ஆளின் எண்ணை அவர்கள் ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும், அவர்கள் ஆளின் எண்ணை நம் ஆள் சொல்ல வேண்டும். இரண்டு நாட்டு இன்ஜினியர்கள் மாதக்கணக்கில் கூடிப் பேசிக் கட்டியது அது. நான் கட்டியிருந்தால் இப்படிக் கட்டியிருக்க மாட்டேன். ஆனால் அப்போது நான் டவுசர் போட்டுக்கொண்டு அடுத்தவன் பட்டறையில் துருத்தி ஊதிக்கொண்டிருந்தேன்.

என் மைத்துனன் அங்கே வேலைக்குச் சேர்ந்த காலத்தில்தான் எதிர்க்கரையிலும் ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். இவனுக்குப் பெண் பிறந்தபோது அவருக்குப் பையன் பிறந்தான். அன்றிலிருந்து இருவரும் ஒருவரை ஒருவர் சம்பந்தி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் வளர்ந்து வேறு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிப் போய்விட்டார்கள். கூப்பிடுகிறது மட்டும் மாறவில்லை.

"சம்பந்தி, உங்க பக்கம் முப்பது."

"உங்க பக்கம் முப்பத்திரண்டு. அவசரப்படாதீங்க, தண்ணி எங்கேயும் ஓடிடாது."

"ஓடத்தானே சம்பந்தி திறக்கிறோம்."

அந்தக் கரைக்காரர்கள் பேச்சு கொஞ்சம் இழுவை. கேட்கக் கேட்கப் பழகிவிடும். ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் மற்றவர் நடைபாலத்தைத் தாண்டி வந்து, இரண்டு சக்கரத்தையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுவார். சட்டத்தில் அதற்கு இடம் கிடையாது. இரண்டு பக்க அதிகாரிகளுக்கும் தெரியும். கண்டும் காணாமல் இருந்தார்கள், வேலை நடந்தது.

அப்புறம் ஏதோ ஒரு மாநாட்டில் நம் மந்திரி ஒருவர், மைக் அணைந்துவிட்டது என்று நினைத்து, அவர்கள் தலைவரின் நடையைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டார். அவர்கள் தங்கள் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். நாமும் நம் தூதரை அழைத்துக்கொண்டோம். கலந்தாலோசிக்க என்று சொன்னார்கள். என்ன ஆலோசித்தார்களோ, மாதங்கள் போயின. டிவியில் தினமும் 'உறவில் விரிசல்' என்று கத்தினார்கள். இரும்பில் விரிசலை நான் பார்த்திருக்கிறேன். சரியான நேரத்தில் பற்றவைத்தால் தாங்கும், விட்டால் நீளும். இது சம்பந்தி வீட்டுச் சண்டை மாதிரி. பிரியவும் மாட்டார்கள், முகம் கொடுத்துப் பேசவும் மாட்டார்கள். நடுவில் கிடந்து அல்லாடுகிறவர்கள் வேறு யாராவது.

மதகுக்கும் உத்தரவு வந்தது. எதிர்த்தரப்பு ஊழியருடன் பேச்சோ சைகையோ கூடாது. நடைபாலத்தின் நடுவில் பூட்டுப் போட்டார்கள். மரத்தடியில் ஒரு போலீஸ்காரரை நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அந்தப் பக்கமும் இதேதான்.

எண் சொல்ல ஆள் இல்லாமல் கதவை எப்படித் தூக்குவது? இருவரும் குத்துமதிப்பாகச் சுற்றினார்கள். கதவு சாய்ந்து இறுகும். நெம்பி இறக்குவார்கள். மறுபடி சுற்றுவார்கள். என் மைத்துனன் சாயங்காலம் பட்டறைக்கு வந்து பெஞ்சில் சாய்ந்தால் எழுந்திருக்கவே ஆகாது. காலையில் போனால் பொழுது சாயும்வரை அங்கேயேதான். லீவு கிடையாது. மாற்று ஆளுக்கான இடம் காலியாகவே கிடந்தது. ஆள் போடுகிறேன் போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

"என்னடா, சக்கரத்தைச் சுத்துறியா, சக்கரம் உன்னைச் சுத்துதா?" என்பாள் என் வீட்டுக்காரி.

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா" என்பான் கண்ணைத் திறக்காமலே.

அந்தக் கண்தான் விஷயம். அவனுடைய இடது கண்ணில் ஓரமெல்லாம் புகை மூடியது போல் ஆகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும், போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர் அம்மா. கூட்டம் அதிகம் என்பதால் பல மாதம் தள்ளி ஒரு வியாழக்கிழமை கொடுத்தார்கள். முடிந்த பிறகு சில நாள் எடை தூக்கக் கூடாது, குனியக் கூடாது. பழைய காலமாக இருந்தால் சம்பந்தி வந்து சுற்றிவிட்டுப் போயிருப்பார்.

இதற்கு நடுவில் மதகு இன்ஜினியர் என் பட்டறைக்கே வந்தார். நம் ஆள் தன் எண்ணைத் தானே பார்த்துக்கொள்ள ஒரு பெரிய கண்ணாடியை எதிரே நீட்டி நிறுத்த வேண்டுமாம். யார் தயவும் வேண்டாம் என்று மேலிடத்து யோசனை. யோசனை அவர்களுடையது, தூண் என்னுடையது. கால்வாய்க்கு மேல் கை நீட்டிய மாதிரி ஒரு தூண் அடித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எத்தனை காற்று அடித்தது, இம்மி அசையவில்லை. இப்போதும் போய்ப் பார்க்கலாம்.

தூண் அசையவில்லை. வெயில் அசைந்தது. சாயங்காலமானால் அந்தக் கண்ணாடி வெயிலை வாங்கி நேராக எதிர்க்கரை மேடையில் அடித்தது. சம்பந்தி யாரிடமும் புகார் செய்யவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் அவர்கள் அதிகாரி ஒருவர் பார்வையிட வந்த அன்று அவர் முகத்திலேயே அடித்துவிட்டது. அவ்வளவுதான். எங்கள் ஊழியரைக் குருடாக்கத் திட்டமிட்டுக் கண்ணாடி வைத்திருக்கிறீர்கள் என்று தலைநகரத்துக்குக் கண்டனக் கடிதம் வந்தது. என் தூண் படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. பெயர் போடவில்லை என்பது வேறு.

கண்ணாடியை எடுக்க முடியாதாம். எடுத்தால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடுமாம். வைத்திருக்கவும் முடியாதாம். கடைசியில் ஒரு கோணிச் சாக்கைத் தைத்து அதன்மேல் போர்த்தினார்கள். கால்வாய்க்கு மேல் முக்காடு போட்ட மாதிரி அது நின்றது. என் மைத்துனன் மறுபடியும் குத்துமதிப்புக்கே வந்துவிட்டான்.

பிறகு இரண்டு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து வந்து கண்ணாடியைப் பார்த்து, கதவை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்து, சமாதானமாகப் போவது என்று மேலிடத்தில் பேசி முடிவு செய்தார்கள். அந்தக் கூட்டுப் பார்வைக்கு நாள் குறித்தார்கள். இருந்திருந்து அதே வியாழக்கிழமை.

"அத்தான், விட்டுடுங்க" என்றான் என் மைத்துனன். "இன்னொரு கண்ணு இருக்குல்ல."

என் வீட்டுக்காரி கையில் இருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் கோபமாக இருந்தால் கத்துவாள். கத்தாமல் போனால் அழுகிறாள் என்று அர்த்தம்.

நான் இன்ஜினியரிடம் போனேன். இந்த ஊரில் எந்த ஆபீசிலும் என்னை நிற்கவைத்துப் பேச மாட்டார்கள். அவரும் நாற்காலி போட்டார்.

"பெரியவரே, உங்க மச்சான் சக்கரம் இப்ப வெறும் சக்கரம் இல்ல. தலைநகரத்துல மேசை மேல இருக்கு."

"அப்ப மேசை மேலேயே சுத்திக்கச் சொல்லுங்க சார். என் மாப்ளையை ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

"எனக்கும் சிரிக்க ஆசைதான்" என்றார். முகத்தில் சிரிப்புக்கான தெம்பு இல்லை. "நானே பிள்ளைங்க தூங்கின பிறகுதான் வீட்டுக்குப் போறேன். அன்னைக்கு நம்ம ஆள் மேடையில இல்லேன்னா, சமாதானத்தைக் கெடுத்ததே நாமதான்னு எழுதுவாங்க. என்னையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வேற யாரையாவது நிறுத்தலாம்னா, அந்தச் சக்கரத்தைக் கதவு சாயாம சுத்தத் தெரிஞ்ச ஆள் யாரு இருக்கா?"

"ஆஸ்பத்திரியில தேதியை மாத்தித் தரச் சொல்லுங்களேன்."

"கேட்டுட்டேன். மழைக்காலம் முடிஞ்சுதான்னு சொல்லிட்டாங்க."

அவரைத் திட்ட மனம் வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் மதியம் வீட்டிலிருந்து சாப்பாடு எடுத்துக்கொண்டு மதகுக்கு நானே போனேன். என் மைத்துனன் சக்கரத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தான். எதிர்க்கரையில் சம்பந்தி தன் சக்கரத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். தண்ணீர் அகலம் அதிகமில்லை. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும்.

பேசக் கூடாது என்பது அரசாங்க ஊழியனுக்குத்தானே. நான் யாரிடமும் சம்பளம் வாங்குகிறவன் இல்லை. சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டே, கொஞ்சம் உரக்கவே ஆரம்பித்தேன்.

"ஏன் மாப்ளே, வர்ற வியாழக்கிழமைதானே உனக்குக் கண் ஆபரேஷன் தேதி?"

"அத்தான், மெதுவா பேசுங்க. காது எனக்கு நல்லாத்தான் இருக்கு."

"காது இருக்கு. கண்ணுதான் போயிட்டிருக்கு. அன்னைக்குப் போகலேன்னா மழைக்காலம் முடிஞ்சுதான் தேதின்னு சொல்லிட்டாங்க, இல்லையா?"

"சாப்பாட்டைப் போடுங்க அத்தான்."

"அதுக்குள்ள இடது கண்ணு மொத்தமா அவிஞ்சு போயிடும்னு டாக்டர் அம்மா சொன்னாங்களா, இல்லையா?"

மரத்தடி போலீஸ்காரர் எழுந்து வந்தார்.

"பெரியவரே, எதிர்க்கரையோட பேசக் கூடாதுன்னு உத்தரவு இருக்கு."

"நான் எங்கேங்க எதிர்க்கரையோட பேசினேன்? என் மாப்ளையோட பேசுறேன். தொண்டை அப்படி. சுத்தியல் சத்தத்துக்கு மேல பேசிப் பழகினது."

அவர் என்னைப் பார்த்தார். என் மைத்துனன் கண்ணைப் பார்த்தார்.

"அப்ப கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

சம்பந்தி தலை நிமிரவே இல்லை. கிரீஸ் தடவின இடத்திலேயே மறுபடி தடவிக்கொண்டிருந்தார். கேட்டதா கேட்கவில்லையா என்று தெரியாமல் திரும்பி வந்தேன். தெரிந்தால்தான் அவர் என்ன செய்துவிட முடியும் என்றும் இருந்தது.

புதன்கிழமை காலை என் மைத்துனன் வேலைக்குப் போன கொஞ்ச நேரத்திலேயே பட்டறைக்குத் திரும்பி வந்தான். பெஞ்சில் உட்கார்ந்தான்.

"அத்தான், அவர் சக்கரம் போச்சு."

"எப்படிப் போச்சு?"

"நான் மேடை ஏறினேன். அவர் பல்சக்கரத்துக்குள்ள கடப்பாரையை விட்டார். ஒரு சுத்து சுத்தினார். டக்குனு சத்தம் வந்துச்சு. கடப்பாரையை எடுத்துத் தண்ணியில போட்டார். அப்புறம் என்னைப் பார்த்தார்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. பேசக் கூடாதுல்ல." பெஞ்சை விட்டு எழுந்து, "நான் அவர்கிட்ட எதுவும் கேக்கலையே அத்தான்" என்றான்.

கேட்டது நான்தான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, இன்றைக்கும்.

அந்தப் பக்கத்துச் சக்கரம் உடைந்தால் கதவு ஏறாது. கதவு ஏறாது என்றால் இந்தப் பக்கத்து ஆளுக்கு வேலை இல்லை. இயந்திரக் கோளாறு என்று சொல்லி அவர்கள் கூட்டுப் பார்வையை ரத்து செய்தார்கள். வார்ப்புப் பல்சக்கரம் புதிதாக வந்து சேரப் பல நாள் ஆகும். இன்ஜினியர் தானாகவே எங்கள் இருவரையும் கூப்பிட்டு அவனுக்கு லீவு கொடுத்தார். அவர் வாய் எதையும் கேட்கவில்லை. கண் மட்டும் என்னை ஒருமுறை அளந்தது.

வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. முடிந்து வெளி அறையில் உட்காரவைத்தார்கள். அவன் இடது கண்ணில் கட்டு. சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நம் நாட்டை அவமானப்படுத்திவிட்டார்கள், சமாதானத்துக்குக் கை நீட்டினால் கடைசி நேரத்தில் முதுகைக் காட்டுகிறார்கள் என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பக்கத்தில் இன்னொரு கண் கட்டுக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார் போலிருந்தார், அவருக்குப் பொறுக்கவில்லை.

"இயந்திரக் கோளாறாம். யாரை ஏமாத்துறாங்க? அங்க இருக்கிற ஆளே வேணும்னு உடைச்சிருப்பான் சார்."

நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமாங்க" என்றான் என் மைத்துனன். "வேணும்னுதான் உடைச்சார்."

"பார்த்தீங்களா, சாதாரண ஜனங்களுக்குப் புரியுது" என்று வாத்தியார் எனக்குச் சொன்னார்.

கண் தப்பித்தது. அழுத்தம் இறங்கிவிட்டது, இருக்கிற பார்வை இருக்கும் என்றார் டாக்டர் அம்மா. ஆனால் உடைந்த சக்கரம் சும்மா விடவில்லை. அந்தப் பக்கத்து வயலும் இந்தப் பக்கத்து வயலும் காய்ந்தன. சமாதானப் பேச்சு இன்னும் சில மாதம் தள்ளிப் போனது. அவர்கள் பக்கம் விசாரணை வைத்து, முக்கியமான சமயத்தில் சக்கரத்தைக் கவனிக்காமல் விட்டார் என்று சொல்லிச் சம்பந்தியைத் தூக்கி உள்நாட்டில் எங்கேயோ போட்டுவிட்டார்கள். எதிர்க்கரை மேடை காலியாக இருந்ததைப் பார்த்த அன்று என் மைத்துனன் நேராக இன்ஜினியரிடம் போயிருக்கிறான்.

"சார், அது என்னாலதான் ஆச்சு. எழுதிக் கொடுக்கிறேன். அவரைத் திரும்ப விடச் சொல்லுங்க."

இன்ஜினியர் எழுந்து கதவைச் சாத்தினாராம்.

"இப்ப அவர் கவனமில்லாத ஊழியர், அவ்வளவுதான். நீங்க எழுதிக் கொடுத்தா நம்ம நாட்டுக்காக வேலை செஞ்சவர்னு ஆயிடும். அப்புறம் அவரை இடமாத்தம் பண்ண மாட்டாங்க. உள்ள வைப்பாங்க. போங்க, போய் சொட்டு மருந்து விட்டுக்குங்க."

நல்லதைக் கூட வாய்விட்டுச் சொல்ல முடியாத காலம் அது. நட்பு நாடுகள் என்று சொல்லிக்கொண்டே.

ஒரு வழியாகப் பெரியவர்கள் கை குலுக்கினார்கள். தூதர்கள் பழைய இடத்துக்கே திரும்பிப் போனார்கள். உத்தரவு போய்விட்டது, நடைபாலத்துப் பூட்டும் போய்விட்டது. மதகில் ஒரு விழா வைத்தார்கள். தூணுக்கு வண்ணம் அடித்து மாலை போட்டார்கள். நான் செய்தது என்று பக்கத்தில் நின்ற நாலு பேருக்கு நானே சொன்னேன். இரண்டு கரை ஊழியர்களும் நடைபாலத்தின் நடுவில் கை குலுக்க வேண்டும் என்று பேப்பர்காரர்கள் கேட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து இளவயதுக்காரர் ஒருவர் வந்தார். சட்டையில் மடிப்புக் கலையவில்லை. சிரிக்கச் சொன்னார்கள். இருவரும் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் என் மைத்துனன் பட்டறைக்கு வந்தான்.

"புது ஆள் எப்படி?"

"நல்லவர்தான். எண்ணைத் தெளிவா சொல்றார். என்னை சார்னு கூப்பிடுறார்."

"மரியாதை தெரிஞ்சவன்தானே."

"மரியாதைக்கு என்ன குறை?" என்றான். பிறகு, "அத்தான், அந்த நாட்டுக்குள்ள லாரி ஓட்டிட்டுப் போற ஆளுங்க யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

லாரிக்குப் பின்கதவு அடிக்கிறவன் நான். எனக்குத் தெரியாத டிரைவரா? வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சம்பந்தியின் அடையாளம் சொல்லிவிட்டேன். உயரம், லேசாகக் கால் தாங்கி நடப்பது, இழுத்துப் பேசுவது. பலர் மறந்தார்கள். சிலர் தலையை மட்டும் ஆட்டினார்கள். போன மாதம் ஒருவன் வந்து சொன்னான். வெகுதூரத்தில் ஒரு தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் அப்படி ஒருவர் இருக்கிறாராம். மோட்டார் சத்தத்தில் ஒன்றும் கேட்காதாம், தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறாராம். டிரைவர் நம் ஊர்ப் பெயரைச் சொன்னதும், கண் எப்படி இருக்கிறது என்று கேட்டாராம்.

இதை என் மைத்துனனிடம் சொன்னேன். அவன் வேறு எதுவும் விசாரிக்கவில்லை.

"என்ன சொன்னாராம் டிரைவர்?"

"அவனுக்கு என்ன தெரியும்? நல்லா இருக்கும்னு சொல்லிட்டு வந்திருக்கான்."

"அடுத்த தடவை போகும்போது கண்ணு தெரியுதுன்னு சொல்லச் சொல்லுங்க அத்தான்."

சொல்லி அனுப்பியிருக்கிறேன். அந்த டிரைவர் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை. சரக்கு கிடைக்கவில்லையாம்.